மக்கள் தொடர்பு விருதுக்கு முதல்முறை விண்ணப்பிக்கும் டெல்டாக்காரர்களுக்குப் படிப்படியாக ஒரு வழிகாட்டி

கும்பகோணம் பக்கம் ஒரு மருத்துவமனையில் மக்கள் தொடர்பு அலுவலராக இருக்கிறேன். தென்மாநிலங்களுக்கான ஒரு மக்கள் தொடர்பு விருதுப் போட்டிக்கு மூன்று வருடம் தொடர்ந்து விண்ணப்பித்தேன். முதல் வருடம் ஆவணக் குறையால் நடுவர் கைக்கே போகாமல் திரும்பியது. இரண்டாம் வருடம் நடுவர்கள் படித்தார்கள், முதல் சுற்றிலேயே ஒதுக்கிவிட்டார்கள். மூன்றாம் வருடம் எங்கள் பாம்புக்கடி விழிப்புணர்வுப் பிரசாரத்துக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. முதல் இரண்டு வருடமும் வேலையை நன்றாகத்தான் செய்திருந்தோம். விண்ணப்பம் எப்படிப் போக வேண்டும் என்று சொல்லித்தர ஆள் இல்லை. சென்னையில் ஏஜென்சியில் இருப்பவர் பக்கத்து மேசையில் கேட்டுக்கொள்வார். தஞ்சாவூரிலோ மயிலாடுதுறையிலோ திருவாரூரிலோ நாகப்பட்டினத்திலோ ஒரு கல்லூரிக்கோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கோ தனி ஆளாக இந்த வேலையைப் பார்ப்பவர் யாரிடம் கேட்பார்? அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விண்ணப்ப வேலை, பிரசாரம் தொடங்கும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. எல்லாம் முடிந்த பிறகு உட்கார்ந்தால் கையில் மிஞ்சுவது பேப்பர் கட்டிங்கும் போட்டோவும்தான். அவற்றை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

1. எந்தப் போட்டி, எந்தப் பிரிவு

பி.ஆர்.எஸ்.ஐ. எனப்படும் இந்திய மக்கள் தொடர்புச் சங்கம் 1958 முதல் இருக்கிறது. ஆண்டுதோறும் நடக்கும் தேசிய மாநாட்டில் விருதுகள் தருகிறது. சென்னையில் அதற்குக் கிளை உண்டு. இது தவிர, துறைப் பத்திரிகைகளும் ஏஜென்சிகளின் கூட்டமைப்புகளும் மண்டல அளவில் போட்டி நடத்துகின்றன. ஏப்ரல் 21 தேசிய மக்கள் தொடர்பு நாள். அதையொட்டி நடக்கும் கூட்டம் ஒன்றுக்காவது போய் வாருங்கள். முன்பு விண்ணப்பித்த ஒருவரிடம் அரை மணி நேரம் பேசினால், விதிமுறைப் புத்தகத்தில் இல்லாததெல்லாம் தெரியவரும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. "உங்கள் நிறுவனம் விருதுக்குத் தேர்வாகியிருக்கிறது, கோப்பைக்கும் மேடைச் செலவுக்கும் மட்டும் பணம் கட்டுங்கள்" என்று போன் வரும். நீங்கள் விண்ணப்பமே அனுப்பியிருக்க மாட்டீர்கள். அது விருது இல்லை, விற்பனை. உண்மையான போட்டி என்றால் விதிமுறை, மதிப்பெண் பிரிக்கும் முறை, நடுவர் பட்டியல், சென்ற ஆண்டு வென்றவர்களின் பட்டியல் ஆகிய நான்கும் வெளிப்படையாக இருக்கும். நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் பணம் கட்டாதீர்கள். நிர்வாகத்திடம் இந்த வித்தியாசத்தை விளக்குவது நம் பொறுப்பு. பேப்பரில் படம் வந்தால் போதும் என்று நினைக்கும் நிர்வாகிகள் ஏமாறுவது இதில்தான்.

பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது, எதைச் செய்தோம் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். யாரிடம் என்ன மாற்றம் வேண்டினோம் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். நாங்கள் குறும்படம் எடுத்திருந்தோம் என்பதால் இரண்டாம் வருடம் குறும்படப் பிரிவில் போட்டோம். அங்கே பெரிய நிறுவனங்களின் படங்கள் வந்திருந்தன. கேமரா தரத்தில் நம்மால் அவர்களோடு மோத முடியாது. மூன்றாம் வருடம் சமூக நலப் பிரிவுக்கு மாறினோம். ஒரே வேலையை இரண்டு பிரிவில் போடலாம், ஆனால் கட்டணமும் இரண்டு, விண்ணப்பத்தையும் தனித்தனியாக எழுத வேண்டும். முதல்முறை என்றால் ஒன்று போதும்.

2. காலக் கணக்கு

எல்லாப் போட்டியிலும், "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை நடந்த வேலை" என்று ஒரு வரம்பு இருக்கும். சிலவற்றில் ஜனவரி முதல் டிசம்பர் வரை, சிலவற்றில் ஏப்ரல் முதல் மார்ச் வரை. நகரத்தில் இது பெரிய விஷயம் இல்லை. நம் வேலை தண்ணீரோடு ஓடுகிறது. மேட்டூர் திறந்தால் குறுவை, அப்புறம் சம்பா, தாளடி, பொங்கலையொட்டி அறுவடை. டிசம்பரோடு கணக்கை முடிக்கும் போட்டிக்கு அனுப்பினால் அறுவடைக் காலத்து முடிவுகள் வெளியே நின்றுவிடும். சம்பாவை ஒட்டிய பிரசாரம் எதுவாக இருந்தாலும் மார்ச்சில் முடியும் வரம்பு உள்ள போட்டியைத் தேடுங்கள். எல்லை தாண்டும் வேலை என்றால் அமைப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். போனில் "பரவாயில்லை சார்" என்று சொல்வதை நம்ப வேண்டாம், எழுத்தில் பதில் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

திட்டம் தள்ளிப்போனால் அதையும் எழுதி வையுங்கள். வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கும் மேட்டூர் அணை, 2024-இல் நீர் குறைவாக இருந்ததால் ஜூலை 28 அன்றுதான் திறந்தது. எங்கள் கிராமக் கூட்டங்கள் எல்லாம் அதற்கேற்ப நகர்ந்தன. "ஏன் தேதி மாறியது" என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதி, நிர்வாகியின் கையெழுத்தோடு வைத்திருந்தேன். நடுவர்களுக்கு அது பிடித்திருந்தது. நிலைமையைப் பார்த்து வேலையை மாற்றிக்கொண்டதற்கு அதுவே சான்று.

3. தொடங்கும் முன் நிலைமையை எண்ணி வையுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

இரண்டாம் வருடம் நான் செய்தது இதுதான். வந்த செய்திகளை எல்லாம் ஸ்கேல் வைத்து அளந்தேன், இத்தனை காலம் சென்டிமீட்டர் (பேப்பரின் ஒரு பத்தி அகலத்தில் செய்தியின் நீளம்) என்று கூட்டினேன், அந்தப் பத்திரிகையின் விளம்பரக் கட்டணத்தால் பெருக்கி, "இவ்வளவு லட்சம் மதிப்புள்ள விளம்பரம் இலவசமாகக் கிடைத்தது" என்று எழுதினேன். நம்மில் பலர் நிர்வாகத்துக்கு இன்னமும் இப்படித்தான் அறிக்கை தருகிறோம். விருது நடுவர்கள் இதை ஏற்பதில்லை. 2010-இல் பார்சிலோனாவில் கூடிய மக்கள் தொடர்பு அளவீட்டு வல்லுநர்கள், விளம்பர மதிப்பு என்பது செய்தித் தொடர்பின் மதிப்பு ஆகாது என்று தெளிவாக அறிவித்துவிட்டார்கள். பார்சிலோனா கோட்பாடுகள் என்ற பெயரில் அதைப் பலமுறை புதுப்பித்தும் இருக்கிறார்கள். எத்தனை செய்தி வந்தது என்பது முதல் படிதான். படித்தவருக்கு என்ன புரிந்தது, அதற்குப் பிறகு என்ன செய்தார் என்பதைத்தான் கேட்கிறார்கள்.

எங்கள் பாம்புக்கடிப் பிரசாரத்தின் செய்தி எளிது. கடித்த இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், பச்சிலை தேடி நேரம் கடத்தாதீர்கள், 108-ஐ அழையுங்கள். வயலில் கண்ணாடி விரியன், தரையில் பாய் போட்டுத் தூங்கும் வீட்டில் கட்டுவிரியன் என்று எங்கள் பக்கம் பயம் இல்லாத வீடு கிடையாது. ஆக, நாங்கள் வேண்டிய மாற்றம் ஒன்றுதான். கடிபட்டவர் சீக்கிரம் வர வேண்டும், காயத்தைக் கெடுக்காமல் வர வேண்டும்.

இதை எப்படி எண்ணுவது? அவசர சிகிச்சைப் பிரிவுப் பதிவேட்டில் நோயாளி வந்த நேரம் இருந்தது, கடிபட்ட நேரம் இல்லை. டாக்டரிடம் பேசி, நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு, மே மாதம் இரண்டு பத்திகளைச் சேர்த்தோம். ஒன்று கடிபட்ட நேரம், இன்னொன்று வருவதற்கு முன் என்ன செய்தார்கள் என்பது. பணியிலிருக்கும் நர்ஸ் அக்காக்கள்தான் எழுதினார்கள். அவர்களுக்கு அது கூடுதல் வேலை. ஏன் எழுதுகிறோம் என்று உட்கார்ந்து விளக்கியதால் ஒரு ராத்திரிகூட விடுபடவில்லை. பிரசாரம் தொடங்கும் முன்பே இரண்டு மாதப் பதிவு எங்களிடம் இருந்தது. இந்த "முன் நிலைமை" இல்லாவிட்டால் "பின் நிலைமை"க்கு அர்த்தமே இல்லை.

உங்கள் வேலை வேறாக இருக்கலாம். கல்லூரி என்றால் சேர்க்கை விசாரணை எங்கிருந்து வந்தது என்ற பதிவு. உழவர் நிறுவனம் என்றால், 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தாண்டியதால் கொள்முதல் நிலையத்தில் எத்தனை பேர் நெல்லோடு காத்திருக்க நேர்ந்தது என்ற கணக்கு. சுவாமிமலைச் சிற்பிகளுக்கோ நாச்சியார்கோயில் விளக்குப் பட்டறைக்கோ வேலை பார்த்தால், புவிசார் குறியீடு பற்றிக் கேட்டு வந்த வாடிக்கையாளர் எத்தனை பேர் என்ற குறிப்பு. எதுவானாலும் சரி, பிரசாரம் தொடங்கும் முன் ஒரு மாதமாவது எண்ணுங்கள்.

எண்ணிக்கை சிறிதாக இருந்தால் சிறிதாகவே சொல்லுங்கள். பத்துப் பேரில் ஆறு பேர் என்பதை 60 சதவீதம் என்று எழுதினால் நடுவருக்குச் சந்தேகம் வரும். "பத்துப் பேரில் ஆறு பேர்" என்றே எழுதுங்கள், நம்புவார்கள்.

4. ஆவணங்கள்

என் முதல் விண்ணப்பம் திரும்பிய காரணத்தை முதலில் சொல்கிறேன். விண்ணப்பம் அறக்கட்டளையின் பெயரில் போனது. பில்கள் மருத்துவமனையின் பெயரில் இருந்தன. எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான், தூரத்தில் இருந்து பார்ப்பவருக்கு இரண்டு நிறுவனங்கள். நம் ஊரில் பல கல்லூரிகளும் மருத்துவமனைகளும் அறக்கட்டளையின் கீழ்தான் இருக்கின்றன. எந்தப் பெயரில் ஜிஎஸ்டி எண் அல்லது பான் எண் இருக்கிறதோ, அதே பெயரில் விண்ணப்பம், அனுமதிக் கடிதம், பில் எல்லாம் இருக்கட்டும். இரண்டு பெயர் தவிர்க்க முடியாதது என்றால், இரண்டுக்கும் உள்ள தொடர்பை விளக்கி அறங்காவலர் ஒருவர் கையெழுத்திட்ட கடிதம் வையுங்கள்.

தேவைப்படும் மற்றவை:

நிறுவனத் தலைவரின் அனுமதிக் கடிதம். லெட்டர்ஹெட்டில், தேதி, கையெழுத்து, சீலோடு. வெளி ஏஜென்சி வேலை செய்திருந்தால் அவர்களின் சம்மதமும் வேண்டும். யார் பெயரில் விருது என்பதை இப்போதே பேசி முடித்துவிடுங்கள். கிடைத்த பிறகு பேசினால் உறவு கெடும்.

பிரசாரம் தொடங்கும் முன் தேதியிட்ட திட்டக் குறிப்பு. ஆபீஸ் நோட்டாக இருந்தாலே போதும். பின் தேதியில் தயாரித்து முன் தேதி போடாதீர்கள், கோப்பின் விவரத்திலேயே தெரிந்துவிடும்.

செலவுக் கணக்கு, பில்களோடு. பட்ஜெட் சிறிதாக இருந்தால் கூச்சப்பட வேண்டாம். குறைந்த பணத்தில் செய்ததற்குத் தனி மதிப்பு உண்டு.

செய்திகள். அன்றன்றைக்கே பேப்பர் வாங்கி, தேதி, பதிப்பு, பக்க எண் தெரியும்படி முழுப் பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். நம் செய்திகள் பெரும்பாலும் திருச்சி, தஞ்சைப் பதிப்புகளின் உள்ளூர்ப் பக்கத்தில் வரும். ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. உள்ளூர் கேபிள் சேனலில் வந்தது என்றால் அந்த வாரமே பென் டிரைவ் கொடுத்து வாங்கிவிடுங்கள், பழைய பதிவுகளை அழித்துவிடுகிறார்கள்.

படங்களுக்கும் பேட்டிகளுக்கும் சம்மதப் படிவம். இதில் கவனக்குறைவு கூடவே கூடாது. நோயாளியின் முகம், பெயர், ஊர் எதுவும் அவர் சம்மதம் இல்லாமல் வெளியே போகக் கூடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் சட்டமே வந்துவிட்டது. படிவம் தமிழில் இருக்கட்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள், கைரேகை வைத்தால் சாட்சிக் கையெழுத்து வாங்குங்கள், சிறுவர் என்றால் பெற்றோர் கையெழுத்து. "விருதுக்காக வெளியூர் ஆட்கள் சிலர் உங்கள் படத்தைப் பார்ப்பார்கள், சம்மதமா?" என்று நேராகவே கேளுங்கள். எங்கள் படத்தில் பேசிய ஒரு அம்மா முதலில் சரி என்றார், மறுநாள் மகன் வேண்டாம் என்றதும் தயங்கினார். அந்தக் காட்சியை நீக்கிவிட்டோம். படத்திலேயே நல்ல காட்சி அதுதான். ஆனாலும் செய்தது சரி.

வாட்ஸ்அப் குழு ஸ்கிரீன்ஷாட் வைப்பதானால் எல்லா எண்களையும் மறைத்துவிடுங்கள்.

5. எழுதுவது

நாங்கள் அனுப்பிய போட்டிக்கு விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். மண்டலப் போட்டிகளில் நடுவர்கள் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் கொச்சியிலும் இருப்பதால் பெரும்பாலும் இப்படித்தான். என் யோசனை: முதலில் தமிழில் எழுதுங்கள், நீங்கள் பேசுவது மாதிரியே. அப்புறம் நல்ல மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். நேராக ஆங்கிலத்தில் முயன்றபோது என் விண்ணப்பம் முழுக்க யாரோ எழுதிய விளம்பர வாசகமாக இருந்தது.

வரிசை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றே: நிலைமை, ஆய்வு, குறிக்கோள், அணுகுமுறை, செய்த வேலை, விளைவு, செலவு. புதியவர்கள் செய்த வேலையைப் பற்றி மூன்று பக்கம் எழுதி, விளைவை மூன்று வரியில் முடிக்கிறார்கள். அதைத் திருப்பிப் போடுங்கள். குறிக்கோளை அளக்கும்படி எழுதுங்கள். "பாம்புக்கடி பற்றி விழிப்புணர்வு ஏற்படுத்துவது" என்றால் அளக்க வழியில்லை. "எங்களிடம் வருபவர்களில் இறுக்கிக் கட்டியோ கீறியோ வருபவர்களின் எண்ணிக்கையை அறுவடைக்குள் குறைப்பது" என்றால் அளக்கலாம்.

நாற்று நடவு எப்போது, களை எடுப்பவர்கள் ஏன் வெறுங்காலோடு நிற்கிறார்கள், ராத்திரி ஏன் வரப்பில் போய்த் தண்ணீர் கட்டுகிறார்கள் என்பதெல்லாம் நமக்குச் சொல்லாமலே தெரியும். நடுவருக்குத் தெரியாது. முதல் பத்தியில் நான்கு வரி இதற்குக் கொடுங்கள். "மாபெரும் வரவேற்பு", "வரலாறு காணாத" போன்ற சொற்களை அடித்துவிடுங்கள். எது பலிக்கவில்லை என்பதையும் ஒரு பத்தி எழுதுங்கள். எங்கள் துண்டுப் பிரசுரங்கள் வீணாயின. டீக்கடையில் ஒட்டிய பெரிய போஸ்டரும் பள்ளிக் குழந்தைகள் வீட்டில் போய்ச் சொன்னதும்தான் வேலை செய்தன. அப்படியே எழுதினோம்.

தமிழ்க் கட்டிங் ஒவ்வொன்றையும் முழுதாக மொழிபெயர்க்க வேண்டாம். தலைப்பும் சாரமாக மூன்று வரியும் போதும். வீடியோவுக்கு ஆங்கில சப்டைட்டில் கட்டாயம். இரண்டு நிமிடத்தைத் தாண்டாதீர்கள்.

6. செலவு

மூன்றாம் வருடம் எனக்கு ஆனது: பதிவுக் கட்டணம் 6,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,080. மொழிபெயர்ப்பு 3,500. வீடியோ எடிட்டிங், சப்டைட்டில் 8,000. ஸ்கேன், பிரிண்ட் 1,200. விழாவுக்கு இருவர் உழவன் எக்ஸ்பிரஸில் சென்னை போய்வந்தது, ஒரு நாள் அறை, ஆட்டோ எல்லாம் சேர்த்து 4,500. மொத்தம் 24,280 ரூபாய். கட்டணம் போட்டிக்குப் போட்டி மாறும், ஆனால் கட்டணத்தைப் போல் மூன்று மடங்கு மற்ற செலவு வரும் என்று வைத்துக்கொண்டு அனுமதி கேளுங்கள்.

மருத்துவமனைக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. மருத்துவ சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால், நாம் கட்டும் வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடியாது. வரியோடு சேர்த்தே பட்ஜெட் போடுங்கள், ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

விதிமுறையின் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். கூடுதல் கோப்பை, விழா விருந்தில் கூடுதல் இருக்கை ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணம் அங்கேதான் இருக்கும். முன்கூட்டியே பதிந்தால் சலுகை, தாமதமானால் அபராதம் என்பதும் அங்கேதான்.

7. கடைசி இரண்டு வாரம்

பணம் முதலில். பணம் கட்டும் முன் அமைப்பாளர் தரும் புரொஃபார்மா இன்வாய்ஸ் இல்லாமல் நம் அக்கவுண்ட்ஸ் பிரிவு பணம் அனுப்பாது. அதைக் கேட்டு வாங்கி, கையெழுத்தாகி, நெஃப்டில் போய்ச் சேர எங்களுக்குப் பத்து நாள் ஆனது. அனுப்பிய பணத்துக்கு வங்கி தரும் யுடிஆர் எண்ணை விண்ணப்பத்தில் சேர்க்க வேண்டும், அது இல்லாமல் இணையதளம் அடுத்த பக்கத்துக்கே போகவில்லை.

அடுத்து எழுத்துரு. பழைய செய்திக் குறிப்புகள் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் இருந்தால் நடுவரின் கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றி, பி.டி.எஃப். ஆக்கி, வேறொருவரின் போனில் திறந்து பாருங்கள். கோப்புப் பெயரைத் தமிழில் வைக்காதீர்கள். கோப்பு அளவுக்கு வரம்பு இருக்கும், ஸ்கேன்களைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கடைசித் தேதி வந்தால் ஒரு வாரம் முன்பே. மழையில் கரண்ட் போய், இணையமும் போய், தஞ்சாவூர் பஸ் ஏறி ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். அனுப்பியதும் வரும் ஒப்புகை மின்னஞ்சலைப் பிரிண்ட் எடுத்து வையுங்கள்.

8. நடுவர் முன்னால்

அடுத்த சுற்றுக்குப் போனால் பத்து நிமிடம் பேசச் சொல்வார்கள், பெரும்பாலும் ஆன்லைனில். கேள்விகளுக்குத்தான் தயாராக வேண்டும். எங்களிடம் கேட்டது இது: "2024 நவம்பரில் தமிழக அரசே பாம்புக்கடியை, மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியது. 108 ஏற்கனவே ஓடுகிறது. நீங்கள் இல்லாவிட்டாலும் இந்த மாற்றம் நடந்திருக்காதா?" நல்ல கேள்வி. பதிவேட்டை மாதவாரியாகக் காட்டினோம். நவம்பருக்கு முன்பே மாற்றம் தெரியத் தொடங்கியிருந்தது, அதிலும் நாங்கள் கூட்டம் நடத்திய கிராமங்களில். அதே சமயம், அரசின் பங்கையும் கிராம சுகாதார செவிலியர்களின் பங்கையும் நாங்களே முதலில் சொன்னோம். எல்லாம் நாங்கள்தான் என்று பேசியிருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும்.

முடிந்தால் களத்தில் வேலை செய்த ஒருவரையும் உட்கார வையுங்கள். எங்கள் நர்ஸ் அக்கா தமிழில் பேச, நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அமைப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கியிருந்தோம்.

9. முடிவு வந்த பிறகு

கிடைக்காவிட்டால் ஒரு வாரத்துக்குள் மதிப்பெண் விவரமும் நடுவர் கருத்தும் கேட்டு எழுதுங்கள். பல போட்டிகளில் கேட்டால் தருவார்கள், கேட்பவர்தான் குறைவு. விளம்பர மதிப்பு பற்றிய பாடம் எனக்கு அப்படி வந்த இரண்டு வரியில்தான் கிடைத்தது.

கிடைத்தால், பத்திரிகைக்குச் செய்திக் குறிப்பு அனுப்பும் முன் கூட்டம் நடத்த இடம் கொடுத்த ஊர்களுக்குப் போய்ச் சொல்லுங்கள். நாங்கள் கோப்பையை வேனில் எடுத்துக்கொண்டு மூன்று கிராமங்களுக்குப் போனோம். ஒரு டீக்கடையில் எங்கள் போஸ்டர் அப்போதும் இருந்தது, ஓரம் கிழிந்து, 108 என்ற எண் மட்டும் பளிச்சென்று. கடைக்காரர் கோப்பையை வாங்கி ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "புது போஸ்டர் எப்ப தர்றீங்க, நடவு வரப்போகுதே" என்று கேட்டார்.